தாவும்போது விட்டுப்போன மெமரி

எண்பதுகளின் கடைசியில், பாகூருக்கு வெளியே ஒரு சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். அறையில் என்னைத் தவிர ஒருவர்தான். எடைமேடையிலிருந்து வரும் கரும்புச் சீட்டுகளைப் பார்த்து டைப் அடிக்கும் பெரியவர். அவர் என்னோடு பேசுவதில்லை.

கோபம் என்றுதான் நினைத்தேன். அவர் அடித்த வரிகளைப் படித்துப் பிரிக்கும் புரோகிராம், மெமரி தீர்ந்து மதியத்துக்குள் நின்றுவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். அதை எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருந்தார்; அவர் இடத்துக்குத்தான் நான் வந்திருந்தேன். எனக்கோ ஊரில் யாரையும் தெரியாது. வாடகை அறைக்குப் போனால் ரேடியோதான் பேசும்.

சி மொழியில் எழுதிய அந்தப் புரோகிராமை வாரக்கணக்கில் படித்தேன். ஃபங்ஷன் என்ற சிறு பகுதிகள் ஒன்றை ஒன்று அழைத்து உள்ளே உள்ளே போகும். ஒரு வரியில் தப்பு இருந்தால், எத்தனை ஃபங்ஷனுக்குள் போயிருந்தாலும் அங்கிருந்து ஒரே தாவலில் தொடக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் வழியில் வாங்கிய மெமரியையும் திறந்த ஃபைலையும் யாரும் திருப்பித் தரவில்லை. தாவும் முன் அவற்றை விடுவித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு, தன்னை அழைத்த ஃபங்ஷன் என்ன வைத்திருக்கிறது என்று தெரியாது. சில இடங்களில் ஒன்றையே இரண்டு முறை விடுவித்து, மிஷின் முன்பைவிடச் சீக்கிரம் நின்றது. பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியில், வாங்கும்போதே ஒவ்வொன்றையும் ஒரு சங்கிலியில் கோத்தேன். தாவி வந்து சேரும் இடத்தில், கடைசியாக வாங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவித்தேன். கழற்றியது மறுபடி கைக்கு வராது. அன்று மிஷின் சாயங்காலம் வரை ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. நிற்காத மிஷினை யார் கவனிப்பார்கள்?

சில நாள் கழித்துப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, இப்பல்லாம் மிஷின் படுக்கறதே இல்ல?"

தேவைக்கு மேலேயே சொன்னேன். அவ்வளவு நீளமாகப் பேசி மாதங்களாகியிருந்தன, நாக்கு தடுமாறியது. தான் தப்பாக அடித்ததால்தான் நின்றதா என்று நடுவில் கேட்டார். தப்பு எல்லோருக்கும் வரும், புரோகிராம்தான் தாங்கியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைதான் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்மா. வூட்ல கூட சொல்லல."

அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

அந்தப் பருவத்தின் கரும்பு அரவை முடிந்ததும் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த பருவத்தில் எடைமேடையிலேயே டைப் அடித்து அனுப்பத் தொடங்கினார்கள். அறையில் நான் மட்டும் இருந்தேன்.