ஜைனபின் ஐந்தாம் மாதம்

சிங்கப்பூரின் ஈசூனில் எட்டாம் மாடியில் குடியிருந்த ஜைனபுக்கு மாதா மாதம் மூன்று நாள் குளியலறைத் தரைதான் படுக்கை. அப்படி ஒரு வயிற்றுவலி. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள், கல்யாணம்தான் ஆனது. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். முப்பத்திரண்டு வயதாகியும் பிள்ளை வந்தபாடில்லை. யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை!

1988இல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே படர்ந்திருக்கிறது, வலிக்குக் காரணம் அதுதான், பிள்ளை தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று கொடுத்தார். அது ஹார்மோனை அடக்கி ஆறு மாதம் மாதவிலக்கையே நிறுத்தி வைக்குமாம். நின்றது. வலியும் போயே போய்விட்டது.

மாமியார் ஆயிஷா பீவிக்கு இந்த மருந்து விவரம் எதுவும் தெரியாது. மாதவிலக்கு நாளில் தொழுகை கிடையாது என்பதால், மருமகள் மாதத்தில் எத்தனை நாள் தொழாமல் இருக்கிறாள் என்ற விவரம் மட்டும் விரல் நுனியில் இருந்தது. மூன்று மாதம் ஜைனப் ஒரு வேளைத் தொழுகையைக்கூட விடவில்லை. மருந்தின் சூட்டில், ஃபேனுக்கு அடியிலேயே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இது போதாதா?

“அல்லா கண்ணத் தொறந்துட்டான்! எம் மருமவ முழுகாம இருக்கா!”

சேதி அன்று மாலைக்குள் கீழே காப்பிக்கடை வரை போய்விட்டது. செராங்கூன் சாலையில் மளிகைக்கடை வைத்திருந்த மகன் நூருல் அமீன் வாடிக்கையாளர்களுக்கு லட்டு கொடுத்தான். வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆம்பளை அவன். “உம்மா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பாரு, கொஞ்சம் பொறு லா,” என்று மனைவியிடம் கெஞ்சினான். மகா தைரியசாலி!

அன்றிலிருந்து ஜைனபுக்கு ராஜ உபசாரம். காலையும் மாலையும் குங்குமப்பூ போட்ட பால். வாளி தூக்கக் கூடாது, படி இறங்கக் கூடாது, வேலைக்கும் போகக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும். ஐந்தாம் மாதமும் வயிறு தட்டையாகவே இருந்தது. “ஒல்லி ஒடம்பு, பையத்தான் தெரியும்,” என்று மாமியார் அதற்கும் சமாதானம் சொன்னாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சோதித்தார்கள். டாக்டரம்மா முகம் சுருங்கியது.

“இந்த மருந்துல எலும்பு மெலியும் ஜைனப். உங்களுக்கு நெனச்சதுக்கு மேல மெலிஞ்சிருக்கு. ஆறு மாசத்தோட நிறுத்திடலாம், போன பலம் ஓரளவு திரும்பிடும். பால் குடிங்க, நல்லா நடங்க. படுத்தே கெடந்தா இன்னும் மோசமாயிடும்.”

ஜைனபுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இல்லாத பிள்ளைக்காகப் படுத்துப் படுத்து, இருக்கிற எலும்பையும் தொலைக்க வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும், பாலோடு நின்ற மாமியாரிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

“மாமி, வயித்துல பிள்ளை இல்ல. மாதவிலக்கு நின்னது மருந்தால. அந்த மருந்துல எலும்பு மெலிஞ்சு போச்சு. இனிமே நான் நடக்கணும்.”

நூருல் அமீன் சட்டென்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். ஆயிஷா பீவி எலும்புக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீட்டிய டம்ளரை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.

“அப்ப இந்தப் பால் யாருக்கு?”

ஜைனப் கை நீட்டி டம்ளரை வாங்கினாள்.

“எனக்கு, மாமி.”