புதன்கிழமைக் கறி

ஊறிய சோயா பீன்ஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தபடியே அதனுடன் சண்டை போடுகிறாள் சோயாக்கா. “தோல விடமாட்டியா? அப்படி என்ன பிடிவாதம் உனக்கு?” மிதந்து வரும் தோல்களை வடித்துவிட்டு மறுபடி தேய்ப்பாள். மூன்று தண்ணீர் மாற்றியாக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் பச்சை வாடை போகாது என்பது அவள் கட்சி.

அரைத்துப் பிழிந்த பாலை அடுப்பில் ஏற்றிவிட்டால் யார் கதவைத் தட்டினாலும் நகரமாட்டாள். “மாட்டுப்பாலாவது பொங்கப்போறேன்னு சொல்லும். இது சொல்லாமக் கொள்ளாமப் பொங்கும்.” எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டிச் சிறிது நேரம் தொங்கவிடுவாள். கத்தி வைத்தால் நிற்காத, கரண்டியில் நடுங்கும் பதம்தான் அவளுக்கு வேண்டும்.

சோயாக்கா என்ற பெயர் அவளுக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகிறது. அப்போது அவள் ஒரு திருகாணித் தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல்காரி. இருநூறு பேர் சாப்பிடுவார்கள். புதன்கிழமை மட்டும் கறி. ஒரு புதனன்று மழையில் பாலம் மூழ்கி, கறி வண்டி வரவில்லை. ஸ்டோரில் கிடந்தது ஒரு மூட்டை சோயா உருண்டை. வெந்நீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து, மிளகையும் வெங்காயத்தையும் தாராளமாகப் போட்டு வதக்கி இறக்கினாள். தட்டுகள் வழித்து நக்கியதுபோலத் திரும்பி வந்தன. “இன்னிக்குக் கறி பஞ்சு மாதிரி இருந்துச்சுக்கா!” என்று நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

அந்தப் பாராட்டுதான் அவளைக் குடைந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியோடு கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

“நேத்து நீங்க சாப்பிட்டது கறி இல்ல. சோயா. ஏமாத்திட்டேன்.”

மென்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு ஒரே கூச்சல். “எங்களை என்ன கேனையன்னு நெனச்சியா?” என்று ஒருவர் தட்டைத் தரையில் வீசினார். வேலை போனது என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். கரண்டியை மட்டும் விடவில்லை.

அதிகம் பேசாத லேத்காரர் ஒருவர் மூலை மேசையிலிருந்து எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, காலித் தட்டை அவள் முன் நீட்டினார்.

“மிச்சம் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்போ அடுத்த புதன்கிழமையும் அதையே போடுங்க. எனக்குக் கறியவிட அது பிடிச்சிருந்துச்சு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் சோயாக்கா ஆனாள். அடுத்த வருடம் லேத்காரரின் மனைவியும் ஆனாள். “நிஜமாவே பிடிச்சிருந்துச்சா, இல்ல எனக்காகச் சொன்னீங்களா?” என்று கல்யாணமான புதிதில் அடிக்கடி கேட்பாள். “சாப்பாட்டு விஷயத்துல நான் பொய் சொல்லமாட்டேன்” என்பார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. தொண்டையும் பாதிதான் ஒத்துழைக்கிறது. சோறு புரையேறும், வழவழவென்று இறங்குவதைத்தான் கொடுக்கலாம் என்றார் டாக்டர். ஊட்டிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் மனிதர். ஐந்து நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஆறாம் நாள் அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“சரி, வேண்டாம். நானும் சாப்பிடல. ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருப்போம்.”

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்தான் இடது கையால் அவள் முழங்கையைத் தட்டினார். “பசிக்குதுடி” என்று குழறினார்.

இப்போது மத்தியானங்களில் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறாள். மிளகுத்தூள் தூவிய வெள்ளைச் சோயாக்கட்டி கரண்டியில் நடுங்க நடுங்க அவர் உதட்டருகே போகிறது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவளை அறியாமல், அவளுடைய வாய் திறந்துகொள்கிறது.