வாஷிங் மிஷினை வேலை வாங்கியவர்

ஊர் ஊராக அலைந்த நான் அந்த மழைக்காலத்தில் தாராவியில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்தேன். கடையிலேயே தூக்கம். ஒரு நாள் காலை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சக்கரம் வைத்த சிறிய பழைய வாஷிங் மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார். சோப்பு தின்ற விரல்கள். பேசும்போது, ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பங்கார் கடையில பழைய இரும்புச் சாமானோட கெடந்துச்சு, வாங்கிட்டேன். ஓட வையி தம்பி."

"புதுசே வாங்கலாமே அக்கா?"

"புதுசு என்ன பாவம் செஞ்சுது? செம்பூர்ல ஒரு வீட்டுல பதினோரு வருசம் துணி துவைச்சேன். இதே மிஷின் வந்த அன்னைக்கே என்னைய நிப்பாட்டிட்டாவ. இந்த நெளிசலப் பாத்தியா? போகும்போது நான் மிதிச்சது."

அறுந்த பெல்ட்டுக்குப் பதில் வேறொரு பழைய மிஷினின் பெல்ட்டைப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உள்ளே போட்டார். என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மிஷின் நின்றதும் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு. இதுக்கா உனக்குச் சம்பளம்? மறுபடி துவை!" என்று மிஷினை அதட்டினார். அந்தப் பேச்சு அவருடையதல்ல, அந்த வீட்டு அம்மாளுடையது என்று புரிந்தது.

நான்கு முறை துவைக்க வைத்தார். காலர் முதல் முறையே வெளுத்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் டைமரை நானே திருப்பிவிட்டேன்.