வினிகர் காட்டிய வெள்ளைத் திட்டு

இன்று காலை மணவாள நகர் வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு அப்படி. வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்தேன். அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், மனசு கும்மிடிப்பூண்டிக்கு ஓடிவிட்டது.

முன்பு நான் வேலை பார்த்த கம்பெனி அங்கேதான். வெள்ளரிப் பிஞ்சை வினிகரில் ஊறவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அசல் அசெட்டிக் ஆசிட் கேனில் வரும். தண்ணீரில் கலந்தால் வினிகர். கலக்காமல் தொட்டால் தோல் உரிந்துவிடும். ஏசி அறையில் வைத்த கேன் ஒன்று காலையில் ஐஸ் மாதிரி உறைந்து கிடக்க, "ஆசிட் கெட்டுப்போச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடியவள் நான்தான். குளிரில் அது உறையும் என்று எனக்கென்ன தெரியும்? பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

ஒருநாள் கேன்டீனில் மறைப்புக் கட்டி, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் நடத்தினார்கள். நர்ஸம்மா பஞ்சை நனைக்கப் பாட்டிலைத் திறந்தார். அதே நெடி! எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா சிஸ்டர், எங்களையும் ஊறவெச்சு கப்பல்ல ஏத்தப் போறீங்களா?" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "தெனம் நாம கலக்குற தண்ணி. இதுல இன்னாமே நோவு தெரியும்?" என்று போயே போய்விட்டாள்.

வரிசையில் மாட்டிக்கொண்ட நான் உள்ளே போனேன். "ஒரு நிமிஷம் அப்படியே இரும்மா" என்ற நர்ஸம்மா, பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளையா ஒரு திட்டு தெரியுது. கோளாறு இருக்கிற எடம் இது பட்டா வெளுத்துக் காட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றிய தண்ணீரா இது?

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் அந்த இடத்தைச் சுட்டு அனுப்பிவிட்டார்கள். நேரே அக்காவிடம் போய் நின்றேன். "நீயும் வாக்கா, பாத்துடலாம்."

"நா நல்லாத்தான் கீறேன். அடுத்த வருசம் பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை குடுக்கிறாங்க. அது முடியட்டும்மே, வரேன்."

அதற்குள் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. சென்னைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஐயோ, அத்தனை பேரைச் சிரிக்கவைத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கம்பெனி இப்போது இல்லை, ஏதோ குடோன் வந்துவிட்டது. அது கிடக்கட்டும். புதுநன்மை அன்று சர்ச் வாசலில் மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் அம்மா முக்காடு குத்திவிட்டார்கள். ஸ்டெல்லா அக்காவின் மகளுக்கு நான் குத்தினேன்.

"வலிக்குது ஆண்ட்டி" என்றது பிள்ளை. ஊக்கைக் கழற்றி மெதுவாக மறுபடி குத்தினேன்.