காணிக்கைக் கவரில் நான் எழுதிய பெயர்

அன்றைக்குச் சபைக் கொட்டகையில் எங்கள் பாயில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற என் மகள், எதிர்வீட்டுக்காரி, அவள் புருஷன். சபையில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம்தான் உட்காருவோம். பாட்டு நாடகம் என்பதால் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நானும் அவளும் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று.

அவள் புருஷனின் வலது கை தேர்வாய் கண்டிகை சிப்காட் கம்பெனியில் பிரஸ் மிஷினில் போனது. கான்ட்ராக்ட் ஆள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். அவள் கட்ட முடியாமல் நின்றதும் வசூல்காரர் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். வாரம் எண்ணூற்றைம்பது, இருபத்தாறு வாரம் நான்தான் கட்டினேன்.

நாடகம் பைபிளில் வருகிற கதைதான். ராஜா ஒரு வேலைக்காரனின் பெரிய கடனை மன்னிக்கிறார். அவன் வெளியே போய், தனக்குச் சில்லறைக் கடன் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஜரிகைக் கிரீடத்தோடு ராஜா பாடும்போது என் வீட்டுக்காரர் காதோரம், “எங்க சூப்பர்வைசர் மாதிரியே கீறாரு. மன்னிக்கறதுதான் புச்சா இருக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்காரன் கழுத்தைப் பிடித்தபோது, எதிர்வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் திரும்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் தாங்கவில்லை.

முடிந்ததும் பாஸ்டர் ஐயா, யாரை மன்னிக்க வேண்டுமோ அவர்கள் பெயரை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். எங்கள் பாய்க்கு வருவதற்குள் சீட்டு தீர்ந்துவிட்டது. ஒரு அக்கா காணிக்கைக் கவர்களைக் கொடுத்து, இதிலேயே எழுதுங்கள் என்றார். கவரில் பெயர், தொகை என்று இரண்டு கோடு அச்சடித்திருந்தது. நான் ஏழாவதோடு நின்றவள். பேங்கிலோ ரேஷன் கடையிலோ ஒரு கோடு காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அவள் பெயரை எழுதினேன். தொகையிலும், அவளுக்காக நான் கட்டிய இருபத்திரண்டாயிரத்து நூறு என்று எழுதினேன். காணிக்கை விழுகிற அதே பெட்டியில் போட்டேன்.

எங்கள் சபையில் காணிக்கைக் கவர்களைப் பிரிக்காமல் மேலே இருப்பதை வாசித்துத்தான் ஜெபம் பண்ணுவார்கள். இருநூறு, நூறு, ஐந்நூறு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பெயரையும் அந்தத் தொகையையும் வாசித்தார்கள். கொட்டகையே கைதட்டியது. எழுந்து, அது நான் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செருப்பு போடும் இடத்தில் அவள் புருஷன் அவள் கைப்பையைப் பிடுங்கி, இடது கையால் கவிழ்த்தான். அவனுடைய கம்பெனி கார்டு, ஒரு சீப்பு, நாற்பது ரூபாய்.

“இத்தினி டப்பு வச்சிக்கினு எனக்கு மாத்திர வாங்க இல்லன்னியா?”

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கவரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பேருக்காகப் பொய்க் காணிக்கை எழுதினாள் என்று சபையில் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய், அந்தக் கவரை எழுதியது நான்தான் என்று அவள் புருஷன் முன்னாலேயே சொன்னேன். மன்னிக்கத்தான் எழுதினேன் என்றேன். பாஸ்டர் ஐயாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “மன்னிக்கறதுக்கு ரூபா இன்னாத்துக்குக்கா எழுதுன?” என்று மட்டும் கேட்டாள்.

பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் சபையிலும் சொன்னார். ஆனாலும் அவள் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. மாதம் ஐந்நூறு ரூபாயை என் மகள் கையில் கொடுத்தனுப்புகிறாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். மகளுக்கு ஃபீஸ், வீட்டுக்காரருக்கு ஷிப்ட் குறைத்துவிட்டார்கள். வாங்கி வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் வந்திருக்கிறது. இன்னும் இருபதாயிரத்து அறுநூறு பாக்கி.