எண்ணிக்கையில் ஒரு பிள்ளை கூடுதல்

தென்காசியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். டாக்டரம்மாவிலிருந்து பூக்கடைக்காரி வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து கிளச்சை மிதித்திருக்கிறார்கள். என் கணவர் மாடவீதிப் பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு, வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவெடுத்து விண்ணப்பித்தோம்.

நிறையப் பேர் அதைத் தத்து என்று நினைக்கிறார்கள். தத்து இல்லை. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, நிலைமை சரியாகும்வரை குழந்தைகள் இல்லத்தில் இல்லாமல் ஒரு குடும்பத்தோடு இருக்கட்டும் என்று அரசாங்கம் செய்திருக்கிற ஏற்பாடு. அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைக்குத் தனியாக அறை இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். அப்புறம் எங்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு அம்மா சொன்னது மனதில் நின்றுவிட்டது. "பிள்ளையக் காணலைன்னா, தேடிப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருக்காதீங்க. சொல்லிட்டுத் தேடுங்க." அந்த அம்மாதான் பிறகு எங்கள் வீட்டுக்குப் பொறுப்பான குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.

வந்த பிள்ளை சுரண்டைப் பக்கத்துப் பெண். வயது பன்னிரண்டு. அப்பா இல்லை. அம்மா நீண்ட சிகிச்சையில் இருந்தாள். ஒரே தங்கை, ஏழு வயது, வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு இல்லத்தில். எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது. இன்னொரு அறையில் என் கணவரின் ஒயர்ச் சுருள்களும் உடைந்த மின்விசிறிகளும் குடியிருந்தன.

அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் நான் பாடம் நடத்தக் கிளம்பும்போதெல்லாம் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். ஓட்டுகிறவர்கள் கியரை நசநசவென்று இழுக்கும்போது அவள் முகம் கோணுவதைக் கண்ணாடியில் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து சாரல். நான் காலை வகுப்பை முடித்துவிட்டு வந்து, "ஏட்டி, தோச சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். பதில் இல்லை. என் கணவர் குளித்துவிட்டு வந்து, "ஒன்கூடல்லா வந்தான்னு நெனச்சேன்" என்றார். மாடியில் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. அவளுடைய செருப்பும் பச்சைக் குடையும் இல்லை.

பயிற்சியில் அந்த அலுவலர் அம்மா சொன்ன வார்த்தைதான் முதலில் நினைவுக்கு வந்தது. தெருவில் இறங்கித் தேடுவதற்கு முன்னால் அவருக்குப் போன் போட்டேன். அவர் அதிர்ச்சி காட்டவில்லை, திட்டவும் இல்லை. என்ன உடை, உடம்புக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா, நேற்று யாரோடாவது சண்டையா என்று வரிசையாகக் கேட்டார். "ஸ்டேஷனுக்குப் போங்க. நானும் லைன்ல இருக்கேன்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த காவலர் வயதானவர், நல்ல மனிதர்தான். "ஹோம்ல இருந்து வந்த புள்ளைங்களாம்மா? இதுங்க இப்படித்தான். பசிச்சா வந்துரும். சாயங்காலம் வரைக்கும் பாருங்க" என்றார். நான் போனை அப்படியே அவர் காதில் வைத்தேன். அந்த அம்மா என்ன சொன்னாரோ, அவர் முதுகு நிமிர்ந்தது. "சரிங்கம்மா... சரிங்கம்மா..." என்று உள்ளே போனார். குழந்தை காணவில்லை என்றால் காத்திருக்கிற பேச்சே கிடையாது, யாரோ கடத்திவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே வழக்குப் பதிய வேண்டும், அது வீட்டுப் பிள்ளையா இல்லத்துப் பிள்ளையா என்ற பேதம் சட்டத்தில் இல்லை. இதைப் பயிற்சியில் கேட்டபோது தலையாட்டிவிட்டு விட்டேன். அன்றைக்கு அது என் கண் முன்னால் நடந்தது. உள்ளே கம்ப்யூட்டரில் அவள் படம் ஏறியது. எல்லா ஸ்டேஷனுக்கும் தகவல் போனது. யாரும் அவளைச் சாயங்காலம் வரை விட்டுவைக்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் பிடித்துக்கொண்டது.

என்னிடம் படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தென்காசியில் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். காரில் ஏறியதும் அவள் போட்டோவை அதில் போடப் போகிறேன் என்றேன். லைனில் இருந்த அம்மா தடுத்துவிட்டார். "போட்டோ போலீஸ்கிட்ட போதும் மேடம். நீங்க குரூப்ல போட்டா, அவ எப்படிப்பட்ட நெலமையில இருந்து வந்தவன்னு ஊருக்கே தெரிஞ்சு போவும். நாளைக்கு அவ ஸ்கூலுக்குப் போகணும்லா."

நான் போனைக் கீழே வைத்தேன். அவள் திரும்பி வருவாள், பள்ளிக்கூடமும் போவாள் என்று அந்த அம்மா இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதே எனக்குப் பாதித் தைரியம்.

புது பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியைத் திருப்பும்போதுதான் என் கணவர், "ஏய், இரு" என்றார். "வியாழக்கிழம சாயங்காலம் அவ தங்கச்சி இருக்க இல்லத்துல இருந்து போன் வந்துச்சு. நீ கிளாசுக்குப் போயிருந்த. நான்தான் அவ கையில குடுத்தேன். வாசல்ல நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனா. குத்தாலம் குத்தாலம்னு காதுல விழுந்துச்சு."

நான் வண்டியைக் குற்றாலம் சாலைக்கு விட்டேன்.

சாரல் நேரத்து ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேரளா வண்டிகள், வேன்கள், தலையில் துண்டு கட்டிய ஆட்கள், மங்குஸ்தான் கூடைகள். பயிற்சிக் கார் என்பதால் என் கணவர் உட்கார்ந்திருந்த பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் அவர் அதை அமுக்கினார். மேலகரம் தாண்டுவதற்குள் "கால எடுக்கீங்களா, எறங்குதீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பேரருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ் விசில் விடாமல் ஊதியது. கடைக்காரர்களிடம் கேட்டேன், எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களிடம் கேட்டேன். பச்சைக் குடையோடு ஒரு பெண், தனியாக. கடைசியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற ஒரு அண்ணாச்சி கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "இங்கன வந்து கேட்டுச்சும்மா. மஞ்சச் சட்ட போட்ட சின்னப் புள்ளைங்க வந்துச்சான்னு. அதுங்க வேன் ஐந்தருவிப் பக்கம் போச்சுன்னு சொன்னேன். ஓட்டமா ஓடிட்டு."

உயிரோடு இருக்கிறாள். ஓடுகிறாள். தங்கையின் இல்லத்துப் பிள்ளைகளைத்தான் தேடி ஓடுகிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதையும் போனில் அந்த அம்மாவிடம் சொன்னேன். ஐந்தருவியில் வண்டி நிறுத்த இடமில்லை. என் கணவர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே வந்தார். "மஞ்சச் சட்டப் புள்ளைங்க வேன் பழைய குத்தாலத்துக்குப் போயிருச்சாம். பச்சக் கொடைய யாரும் பாக்கல."

பழைய குற்றாலம் போகும் வழியில் போன் அடித்தது. என் கணவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது.

"மேடம், இன்னொரு போன் வந்துருக்கு. பழைய குத்தாலத்துல ஒரு இல்லத்து வார்டன். வேன்ல ஏத்துறதுக்கு முன்னால பிள்ளைங்கள எண்ணுனாங்களாம். ஒண்ணு கூடுதலா வருதாம். மறுபடி எண்ணுனாலும் கூடுதலாத்தான் வருதாம்."

என் கணவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் என்னால் ஓட்ட முடியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வேனுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மஞ்சள் பனியன். நடுவில் ஒருத்திக்கு மட்டும் அந்தப் பனியன் வயிற்றுக்கு மேல் ஏறி நின்றது, கை முழங்கைக்கு வரவில்லை. தங்கையின் மாற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். சின்னவள் அவள் இடுப்பைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. பஸ்ஸில் வந்து, அருவி அருவியாகத் தேடி, கடைசியில் மினி பஸ் பிடித்து இங்கே வந்து கண்டுபிடித்திருக்கிறாள்.

எனக்கு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் என்னைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள். அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் பஜ்ஜிக்காரரிடம், "எனக்கும் ரெண்டு குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு அலுவலர் அம்மாவும் ஒரு பெண் காவலரும் வந்தார்கள். பிள்ளை கிடைத்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் எழுந்தேன். அதற்கும் ஒரு முறை இருந்தது. ஏன் போனாள் என்று முதலில் அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும். வளர்க்கிறவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது. "அவ ஒங்க வீட்டுக்குப் பயந்து ஓடியிருந்தா, ஒங்க முன்னால எப்படி மேடம் சொல்லுவா?" என்றார். முதலில் சுருக்கென்று இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நானும் என் கணவரும் தள்ளி ஒரு டீக்கடையில் நின்றோம். வேனுக்குள் அவளும் அலுவலர் அம்மாவும் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவள் சம்மதத்தோடுதான் எங்களிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் எல்லோருமே பார்ப்போம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்கள். "பாப்போம்னு சொன்னா பாக்க மாட்டாங்கன்னு அர்த்தம், எங்களுக்குத் தெரியும்" என்றாளாம்.

அடுத்த வாரமே குழந்தைகள் நலக்குழு முன்னால் போய் நின்றோம். தண்டனை என்ற பேச்சு அங்கே வரவில்லை. அவளுக்கான பராமரிப்புத் திட்டத்திலேயே, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கையைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நான்தான் வண்டி ஓட்டினேன். வாசுதேவநல்லூர் போகிற வழியெல்லாம் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து என் ஓட்டத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்து வளர்ப்புக் குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை, ஆனாலும் எழுந்துவிட்டேன். "பிள்ளை காணாமல் போன பிறகு நாம செய்ய வேண்டியது எல்லாம் இருக்கு. அது ஒழுங்கா நடக்கவும் செய்யுது, நானே பாத்தேன். ஆனா பிள்ளை வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஒரு கேள்வி கேட்டுருக்கலாம். நீ போகணும்னு நெனச்சா யாரத் தேடிப் போவ? அதக் கேட்டுட்டா, அவங்கள நாமளே கூட்டிட்டு வந்து காட்டிரலாம். பிள்ளை எதுக்கு ஓடணும்?" என்றேன். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது புதிதாக வரும் பிள்ளைகளிடம் அதைக் கேட்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

என் கணவர் யாரும் சொல்லாமலே ஒரு நாள் அந்த இன்னொரு அறையைக் காலி செய்தார். ஒயர்ச் சுருள்கள் கடைக்குப் போயின, மின்விசிறிகள் பழைய இரும்புக்குப் போயின. அதிகாரிகள் மறுபடி வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சின்னவளுக்கும் அனுமதி கிடைத்தது.

அவள் வந்த அன்று இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அறை என்று காட்டினோம். இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள், ஏதோ குசுகுசுத்தார்கள். பெரியவள் வந்து என் கணவரிடம், "மாமா, அந்தக் கட்டில இங்கன கொண்டாந்து போடணும்" என்றாள். அவர் ஒரு முனையைத் தூக்க, இவர்கள் இரண்டு பேரும் மறுமுனையைத் தூக்க, கட்டில் கதவில் சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிச் சத்தம் போட்டார்கள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்ததால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஒரு கை கொடுக்கப் போனேன்.