ஆளாளுக்கு உப்புப் போட்ட புரோகிராம்

சாஃப்ட்வேர் தொழிலில் நமக்குச் சம்பளம் தருவது புரோகிராம் எழுதுவதற்கு. பொழுது போவதென்னவோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில் யார் கை வைத்தது என்று தேடுவதில். இதைப் படிக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நியூஜெர்சியில் என் வேலை, இன்சுலின் போன்ற மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர். இங்கே பக் என்னும் பிழை வந்தால், யாரோ ஒருவருக்கு மருந்து வராது.

குழந்தையோட அப்பா எங்கே?

எங்கள் டீமில் செந்தில் என்றொரு தம்பி. புரோகிராம் எப்போது படுத்தாலும் முதல் போன் அவருக்குத்தான். மகள் நிலாவின் பிறந்தநாளுக்கு பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். காரை விட்டு இறங்கும்போதே போன் வந்துவிட்டது. வீடு மாறிய ஒரு பெரியவரின் இன்சுலின் பழைய வீட்டுக்குப் போயிருந்தது. அவர் கொடுத்த புது முகவரியை புரோகிராமின் ஒரு பகுதி வாங்கி வைக்க, இன்னொரு பகுதி அதன் மேலேயே பழையதை எழுதிவிட்டிருக்கிறது.

செந்தில் காருக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்தார். பெரியவருக்கு வேறு பெட்டி அனுப்ப ஏற்பாடு செய்து, பக்கைத் தேடி முடிப்பதற்குள் அர்ச்சனை முடிந்து நாங்கள் புளியோதரையும் சாப்பிட்டாகிவிட்டது. அவர் மனைவி கவிதா சொன்னார்: "குழந்தையோட அப்பா எங்கன்னு அர்ச்சகர் கேட்டாரு அக்கா. பார்க்கிங் லாட்ல இருக்காருன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

சாம்பார்

திங்கட்கிழமை மீட்டிங்கில், இனி ஃபங்ஷனல் புரோகிராமிங்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "ஓடுற புரோகிராமை எதுக்கு அக்கா தொடணும்?" என்று செந்திலே இழுத்தார்.

"பாட்லக் விருந்துல ஒரே சாம்பார் பாத்திரம். போறவங்க வர்றவங்க எல்லாம் ருசி பாத்துட்டு ஆளுக்கொரு சிட்டிகை உப்புப் போட்டா என்ன ஆகும்? பாத்திரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. உப்பு வேணும்னா அவங்கவங்க கிண்ணத்துல ஊத்தி, அதுல போட்டுக்கணும்" என்றேன். ஒருமுறை பதிந்த முகவரியை யாரும் மாற்ற முடியாது. மாற்றம் வேண்டுமானால் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. செந்தில் தலையாட்டிவிட்டு, பிறகு என் சீட்டுக்கு வந்தார்: "கன்வின்ஸ் ஆயிட்டேன் அக்கா. ஆனா போன பாட்லக்ல அப்படி ஆனது கவிதா வச்ச சாம்பார்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கேள்வி கேட்கும் கம்பைலர்

எங்கள் மேனேஜர் ரகு, டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறார். புது முறையில் நானும் எழுதுவேன் என்று அவரும் உட்கார்ந்தார். போன் நம்பர் கொடுக்காத வாடிக்கையாளருக்கு என்ன செய்வது என்று எழுதாமல் விட்டார். எழுதியதைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர், புரோகிராமை ஏற்க மாட்டேன் என்றது. அதை எழுதினால், முகவரி இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்றது. பழைய முறையில் இதெல்லாம் டெலிவரி வண்டி கிளம்பிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். எனக்கு ஒரே ஆனந்தம். வீடியோவில் ரகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "என்னங்க இது, இமிக்ரேஷன் கவுண்ட்டர்ல கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்க!"

பொங்கல் விழா

பொங்கல் விழாவில் நிலாவின் நடனம். அன்று பார்த்து பனிப்புயல் எச்சரிக்கை. ஊரே டெலிவரி தேதியையும் முகவரியையும் மாற்றிக்கொண்டிருந்தது. பழைய புரோகிராமாக இருந்தால் நாறியிருக்கும். நிலா மேடையேறும் நேரத்தில் செந்திலின் போன் அதிர்ந்தது. கவிதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரகுவின் மெசேஜ். மூன்று ஆர்டர்களில் கோளாறு. புரோகிராமே அவற்றைக் காரணத்தோடு தனியாக ஒதுக்கி வைத்துவிட்டது, மற்றவையெல்லாம் கிளம்பிவிட்டன, அந்த மூன்று பேரிடமும் அவரே பேசிக்கொள்கிறாராம். பக்கே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வந்தால் வந்த இடத்தோடு நிற்கும். செந்தில் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கடைசிவரை பார்த்தார்.

இறங்கி ஓடிவந்த நிலா, "அப்பா, ஐ மெஸ்ட் அப் த செகண்ட் ஸ்டெப்! டிட் யூ ஸீ?" என்றாள். செந்திலுக்கு முகமெல்லாம் சிரிப்பு: "பாத்தேன்டா செல்லம்! நீ ரெண்டாவது ஸ்டெப்ல தப்பு பண்ணதை நல்லாவே பாத்தேன்!"

கம்பைலர் பிடிக்க வேண்டிய தப்பைக் கம்பைலரே பிடித்துவிட்டால்தான், அப்பாக்கள் பார்க்க வேண்டிய தப்பை அப்பாக்கள் பார்க்க முடிகிறது.